வரலாற்று வகுப்புக்கு எந்த இணைய வளம்? பெங்களூரிலிருந்து ஓர் ஆசிரியையின் ஒப்பீடு

பெங்களூரில் ஏழாம் வகுப்பு படிக்கும் எந்தப் பிள்ளையிடமும் ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். வீர வல்லாளன் என்ற போசள மன்னன் வேட்டைக்குப் போய் வழி தவறினான். ஒரு மூதாட்டி அவனுக்கு அவித்த பயறு கொடுத்துப் பசியாற்றினாள். அதனால் 'பெந்த காளூரு', அதாவது அவித்த பயறு ஊர் என்று ஆகி, பிறகு பெங்களூரு ஆனது. எங்கே படித்தாய் என்று கேட்டால், காணொளியில் பார்த்தேன் என்பார்கள். எங்கள் பள்ளி சந்தா கட்டி வாங்கிய பாடத் தொகுப்பிலும் இதே கதைதான், அழகான அசைபடத்தோடு, நடந்த வரலாறாகவே சொல்லப்பட்டிருந்தது.

பெங்களூரில் உள்ள பேகூர் நாகேசுவரர் கோயிலில் சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது 'பெங்களூரு'ப் போரைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாம் வீர வல்லாளன் அரியணை ஏறியது 1173-இல். அவன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. பயறுக் கதை நல்ல கதைதான், பாட்டி சொல்லிப் பேரப்பிள்ளை கேட்க வேண்டிய கதை. வகுப்பறையில் அதைக் கதையென்று சொல்லிக் கல்வெட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். சந்தாத் தொகுப்பில் அதற்கு வழியே இல்லை. அதிலிருந்துதான் எனக்கு இந்த ஒப்பீட்டு வேலை தொடங்கியது.

ஒவ்வொரு ஜூனிலும் சக ஆசிரியைகளும், தொம்மலூர், முருகேஷ்பாளையா பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர்களும் என்னிடம் கேட்பது ஒன்றே: இணையத்தில் இவ்வளவு கிடக்கிறதே, சமூக அறிவியலுக்கு எதை எடுப்பது, எதற்குப் பணம் கொடுப்பது? பள்ளியில் எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடப் பாடவேளை. ஸ்மார்ட் போர்டு உண்டு, இணையம் நினைத்தால் வரும். சனிக்கிழமை மாலைகளில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தனியாக ஒரு மணி நேரம் நடத்துகிறேன். இந்த இரண்டு இடத்திலும் பயன்படுத்திப் பார்த்தவற்றைத்தான் இங்கே எடை போடுகிறேன். எடைக்கல்லாக நான் வைத்திருப்பது ஒரே கேள்வி. 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த வளத்தால் பதில் சொல்ல முடிகிறதா?

சந்தாத் தொகுப்புகளை விரைவாக முடித்துவிடுகிறேன். புவியியலுக்கு அவை உதவுகின்றன. பூமி சுழல்வதையும் பருவக்காற்று திரும்புவதையும் அசைபடத்தில் காட்டினால், கரும்பலகையில் பத்து நிமிடம் வரைந்தாலும் புரியாதது ஒரு நிமிடத்தில் புரியும். வரலாற்றுக்கு வந்தால் எடைக்கல்லில் நிற்பதில்லை. நான் பார்த்த தொகுப்புகளில் எந்தச் செய்திக்கும் ஆதாரம் எது என்று குறிப்பு இல்லை. சந்தா முடிந்த மறுநாள், அதை நம்பி எழுதிய பாடத்திட்டமும் கையை விட்டுப் போகிறது. புவியியலுக்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை. அதற்கு இலவச வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அடுத்தது அரசு வைத்திருக்கும் இலவச வளங்கள். என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் முழுவதும் அதன் தளத்தில் கிடைக்கின்றன. 2017-இல் தொடங்கிய தீக்ஷா தளத்தில் பாடவாரியாகக் காணொளிகளும் பயிற்சிகளும் இருக்கின்றன. பாடநூலில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் நேராக அங்கே போகலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விட்டு வேறெங்கும் அலையச் சொல்ல மாட்டேன். தேர்வு இந்த நூலிலிருந்துதான் வருகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆறாம் வகுப்புக்கு 2024-இல் புதிய நூல் வந்துவிட்டது. ஏழுக்கும் எட்டுக்கும் 2025-இல் வந்தன. முன்பு வரலாறு, புவியியல், குடிமையியல் என்று மூன்றாக இருந்தவை இப்போது ஒரே பாட வரிசையாகிவிட்டன. அதற்கு முன் 2022-இல் பழைய நூல்களிலிருந்து பல பகுதிகள் நீக்கப்பட்டன. இணையத்திலோ மூன்று பதிப்புகளும் கலந்து கிடக்கின்றன. தனியார் தளங்களில் இன்னும் பழைய பி.டி.எஃப். அப்படியே இருக்கிறது, பழைய நூலுக்கு எடுத்த காணொளிகளும் பழைய தலைப்பிலேயே ஓடுகின்றன. பதிவிறக்கியதும் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். நீக்கப்பட்ட பகுதியைப் பிள்ளைக்குச் சொல்லவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. எது இருந்தது, எது எடுக்கப்பட்டது என்று இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பதே மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல வரலாற்றுப் பாடம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கர்நாடகத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் எதற்கு என்று ஒரு தந்தை கேட்டார். சொற்களுக்காக. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகிறார்கள், பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். பாடத்தில் வரும் சொல்லுக்கும் வீட்டில் இருக்கும் அறிவுக்கும் நடுவே சுவர் எழும்பிவிடுகிறது. போரில் இறந்த வீரனுக்கு எழுப்பிய கல்லைப் பற்றி ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், தமிழ்நாட்டு நூலில் அதற்கு 'நடுகல்' என்று இருப்பதைக் காட்டினேன். அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். அவளுடைய அம்மா கிருஷ்ணகிரிப் பக்கம். 'அது எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் வேடியப்பன் கல்தானே, பொங்கல் வைப்போமே' என்றாராம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரத்தில் நடுகற்களை வேடியப்பன் என்று வழிபடுவது உண்மைதான். பள்ளிக்கூடப் பாடத்தில் தனக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது என்று அந்த அம்மா கண்டுகொண்ட நாள் அது.

காணொளிகளுக்கு வருவோம். பெற்றோர் அதிகம் நம்புவது இவற்றைத்தான். பிள்ளை அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறது, அதனால் படிக்கிறது என்று நினைக்கிறார்கள். கீழடியைப் பற்றித் தமிழில் காணொளிகளுக்குக் குறைவே இல்லை. ஒரு சனிக்கிழமை அவற்றில் ஒன்றைப் போட்டேன். பின்னணி இசை முழங்க, கீழடி பல்லாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லிக்கொண்டே போனது. பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையின் ஒரே ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று அதில் இருந்தது. அதுவே நம் நெஞ்சை நிமிர வைக்கப் போதுமான தொன்மை. ஒரு பையன் அளவு நாடாவை எடுத்துச் சுவரில் 353 சென்டிமீட்டரைக் குறிக்கப் பார்த்தான். அறையின் கூரை அதற்கு முன்பே வந்துவிட்டது. அத்தனை ஆழம் தோண்டிக் கிடைத்த கரித்துண்டுதான் சாட்சி என்று அவர்களுக்கு உறைத்த அளவுக்கு, அந்தக் காணொளியில் எதுவும் உறைக்கவில்லை. நம் பெருமைக்காக மிகைப்படுத்துகிறவர்கள் அந்தக் கரித்துண்டின் மதிப்பையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

காணொளியை நான் அடியோடு விலக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் இருப்பதாக எடுத்து, ஒலியை அணைத்துவிட்டுக் காட்டுவேன். பார்த்ததற்குப் பிள்ளைகளே உரை எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் தெரியாதது எது என்று தெரிகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். இணையப் பக்கம் ஒன்றை நம்பலாமா என்று பார்க்கச் சொன்னபோது, வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் உடனே அதை விட்டு வெளியேறி, இதை வெளியிடுவது யார் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். சரியான முடிவுக்கு விரைவில் வந்தவர்கள் அவர்களே. பிள்ளைகளுக்கு இதைப் பழக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் இன்னொரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால் போதும்.

இனி, என் மனம் முழுவதும் சாய்ந்திருக்கும் பக்கம். மூல ஆவணங்களை வைத்திருக்கும் தளங்கள்.

பெங்களூரிலேயே 1837-இல் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், மைசூர் நாடெங்கும் கல்வெட்டுகளைப் படியெடுத்து 'எபிகிராபியா கர்நாடிகா' என்று 12 தொகுதிகளாக வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்கான ஒன்பதாம் தொகுதி 1905-இல் வந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இதை யாரும் இலவசமாக எடுக்கலாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள், கனமான கோப்பு. தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் வராது. மேலும் கீழும் குறியிட்ட ரோமன் எழுத்துகளைக் கணினி தவறாகப் படித்து வைத்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் தேட வேண்டும். ஒரு கைத்தாள் தயாரிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் வீணாகவில்லை.

நாங்கள் எடுத்தது தொம்மலூர்ச் சொக்கப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை. தினமும் பஸ்ஸில் கடக்கிற இடம். அதன் கல்வெட்டுகளில் பல தமிழில் இருக்கின்றன என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, பெற்றோர் பலருக்கும் தெரியாது. அவற்றில் தொம்மலூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. 1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்றில் ஒரு கணவனும் மனைவியும் ஓர் ஊரின் வருவாயையும் ஓர் ஏரியையும் இறைவனுக்கு எழுதி வைக்கிறார்கள்.

முதலில் திரையில் வாசித்தோம். அடுத்த வாரம் கோயிலுக்கே போனோம். கல்வெட்டைப் படிக்க நேரே விளக்கடிக்கக் கூடாது. கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணக்கட்டியோ மாவோ தடவவே கூடாது, கல் கெட்டுப்போகும். ஒரு பெண் விரல் கல்லில் படாமல் காற்றிலேயே கோடு வரைந்து, 'இது ப, இது ட' என்று கூட்டினாள். பிறகு திரும்பி, 'மிஸ், இதில் புள்ளியே இல்லையே, எப்படிப் படித்தார்கள்?' என்று கேட்டாள். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வாசிப்பவரே இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு மணி நேரமும் போயிற்று. தமிழ் எழுத்தே வேண்டாம் என்று இரண்டு ஆண்டாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண் அவள்.

இன்னொரு பையனின் அப்பா தச்சு வேலை செய்கிறவர். அவன் கைத்தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'நிலைக்கால் இரண்டையும் அழகியார் கொடுத்தார், மேலே குறுக்கே வைக்கிற கல்லை யார் கொடுத்தார்?' என்றான். எனக்கும் தெரியாது என்றேன். அது எந்த நூலிலாவது இருக்குமா என்று கேட்டான். ஆவணம் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் பிரித்துப் பார்க்க வரலாற்று மாணவர்கள் கல்லூரியில் கற்றுக்கொள்கிறார்கள். அவன் அதை அப்பாவின் பட்டறையிலிருந்தே கொண்டுவந்திருந்தான். எந்தத் தயார்நிலைப் பாடமும் அவனிடமிருந்து இந்தக் கேள்வியை வாங்கியிருக்காது.

நேரில் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1909-இல் தொடங்கிய பெங்களூர் மிதிக் சொசைட்டி, இவ்வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் வருடிப் பதிவு செய்துவருகிறது. தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் அந்தப் படங்களில் துலங்குகிறது. ரைஸ் காலத்து அச்சுப் பிரதியையும் இந்தப் படத்தையும் சேர்த்து வைத்தால் ஒரு முழு வகுப்பு நடத்தலாம்.

குடிமையியலுக்கு இதே போன்ற ஒன்று, இந்திய அரசியல் சாசனத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள். பெங்களூரில் இருக்கும் சட்ட, கொள்கை ஆய்வு மையம் நடத்தும் 'கான்ஸ்டிட்யூஷன் ஆஃப் இந்தியா' தளத்தில் இவை நாள்வாரியாக, தேடக்கூடிய எழுத்தாகவே இருக்கின்றன. ரைஸ் தொகுதியைப் போலத் தவிக்க வேண்டியதில்லை. சபை 1946 டிசம்பர் 9-இல் கூடியது, 1949 நவம்பர் 26-இல் சாசனத்தை ஏற்றது என்று பாடநூலில் இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு நடுவே எத்தனை பேர் பேசினார்கள், யார் யாரை மறுத்தார்கள் என்பது இங்கே இருக்கிறது. சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதனும் தாட்சாயணி வேலாயுதனும் போயிருந்தார்கள். அவர்கள் பேசிய பேச்சை அப்படியே வாசிக்கக் கொடுக்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் கடினம். அரைப் பக்கத்துக்கு மேல் கொடுத்தால் எட்டாம் வகுப்பு தாங்காது.

மற்ற மூலத் தொகுப்புகளில், தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பெரும் செல்வம், பள்ளிப் பிள்ளைக்கு இன்னும் தூரம். சமூக அறிவியலில் உழவு, தண்ணீர், கூலி என்று வரும் பாடங்களுக்கு, பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி தளத்தைத் தயங்காமல் சொல்வேன். கிராமத்து மக்களின் வாழ்க்கை அவர்கள் வாய்மொழியாகவே அதில் பதிவாகிறது, பல கட்டுரைகள் தமிழிலும் கிடைக்கின்றன. பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் தாத்தா பாட்டி வாசித்துக் காட்டலாம். சில வீடுகளில் அப்படி நடக்கிறது.

புவியியலுக்கு இலவச வழி என்றேனே, அது வரைபடம். இஸ்ரோவின் புவன், கூகுள் எர்த் இரண்டையும் பயன்படுத்துகிறேன். கூகுள் எர்த்தில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஆண்டு ஆண்டாக ஓடவிடலாம். பெங்களூரை வைத்து ஓடவிட்டால் பச்சை சுருங்கிக் கட்டடம் பெருகுவதைப் பிள்ளைகள் வாய்மூடிப் பார்க்கிறார்கள். அதற்கும் முந்தைய மாற்றத்துக்குப் பழைய வரைபடம் வேண்டும். இன்றைய மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி, தொம்மலூருக்குப் பக்கத்திலுள்ள கோல்ஃப் மைதானம் செல்லகட்டா ஏரி. ஏரியைக் கோயிலுக்கு எழுதி வைத்த அந்தக் கணவன் மனைவி கல்வெட்டோடு சேர்த்து இதைக் காட்டினால், ஒரு காலத்தில் ஏரி என்பது ஊரின் சொத்துக்கணக்கில் இருந்தது என்று விளக்கவே வேண்டாம். ஒன்றே ஒன்று: வெளிநாட்டுத் தளங்களின் வரைபடங்களில் நம் நாட்டு எல்லை வேறு விதமாக இருக்கக்கூடும். தேர்வில் வரைவதற்கு இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தையே பழக்குங்கள்.

ஆக, என் தேர்வு இப்படி. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு என்.சி.இ.ஆர்.டி. நூலும் தீக்ஷாவும் முதன்மை, நேரம் இருந்தால் சபை விவாதம் அரைப் பக்கம். ஆறு முதல் எட்டு வரை, மாதம் ஒரு மூல ஆவணம் கட்டாயம், அதற்காகப் பாடநூல் வேகம் ஒரு பாடவேளை குறைந்தாலும் பரவாயில்லை. வரைபடம் எல்லா வகுப்புக்கும் வாராவாரம். காணொளி தொடக்கத்துக்கு மட்டும். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு நேரம் குறைவு என்றால், தமிழ்நாட்டுப் பாடநூலும் பாரியும் போதும். சந்தாவுக்குப் பணம் கேட்டால், அந்தப் பணத்தில் பிள்ளைகளை ஒரு முறை பேகூருக்கு அழைத்துப் போகச் சொல்லிப் பள்ளியிடம் நீங்களே கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன்.

எதை எடுத்தாலும் முதல்நாளே பதிவிறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கு மின்சாரம் போனால் ஸ்மார்ட் போர்டு வெறும் பலகை. ஜூலைக்கு நான் அச்செடுத்து வைத்திருப்பது, 1948 நவம்பர் 5-இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சபையில் பேசியதன் ஒரு பத்தி. வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார் என்று வரிசையாகச் சொல்லி, சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்ததை அவர் எடுத்துரைத்த இடம். அம்பேத்கர் சாசனத்தை வரைந்தார் என்ற பாடநூல் வரிக்குக் கீழே அந்தத் தாளை வைத்துவிட்டு, இருபத்தெட்டுப் பிரதிகளையும் எண்ணிக் கட்டி மேசையில் வைத்திருக்கிறேன்.